மேல்கொரை மறியல்

"ஏனுங்க்கா, இந்த மழையிலயும் லாரிக்காரன் வருவான்ங்கறீங்களா?"

"வராம என்ன? அவனுக்கென்ன, கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு உள்ளார உக்காந்துக்குவான். நனையறது நாமதானே" என்றாள் ராக்கம்மா.

சசிரேகா தார்ப்பாயை இழுத்து இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மேல்கொரை ரோட்டின் நடுவே ஒரு பெஞ்சு. அதில் அவர்கள் இரண்டே பேர்.

டவுன் குப்பையெல்லாம் கொட்டும் கிடங்கு அந்த ரோட்டின் கடைசியில் இருந்தது. அது நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் சதுப்பையும் மூடி, அங்கேயும் கொட்டப் போகிறார்கள் குப்பைக் கம்பெனிக்காரர்கள். அந்தச் சதுப்பில் ஊறும் தண்ணீர்தான் கீழே ஊர்க் கிணற்றுக்கு வருகிறது.

தடை கேட்டு ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு நாளைக்கு வருகிறது. அதற்குள் சதுப்பில் ஒரு லோடு விழுந்தாலும் போச்சு, வேலை ஆரம்பித்துவிட்டது என்று சாதித்துவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"உம் பொண்ணுக்கு அந்தக் கை அரிப்பு எப்படி இருக்குது?"

"அப்படியேதானுங்க்கா. தண்ணியை மாத்துங்கறாரு டாக்டரு. எங்க போய் மாத்தறது?"

ராக்கம்மா காலை நீட்டி முட்டியை நீவிக்கொண்டாள். அவளுக்கு முட்டி வலி. விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்.

மறியல் ஆரம்பித்த அன்றைக்கு ரோடு கொள்ளாத கூட்டம். மைக் செட், பேனர், டிவிக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். பிறகு தேயிலைக் கொழுந்து பறிக்கும் சீசன் வந்தது. இனிமேல் யாருக்கும் லீவு கிடையாது என்று எஸ்டேட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

"மைக் புடிச்சு அந்தப் பேச்சுப் பேசினாரே கணேசன், அவராச்சும் வரலாமில்ல?"

"கோயமுத்தூர்ல ஏதோ கல்யாணமாம்."

"நல்லாருக்குதுங்க்கா. பேசாம நாமளும் எந்திரிச்சுப் போயிரலாம். ரெண்டு பொம்பளைங்க உக்காந்து என்ன ஆகப் போகுது?"

"இன்னிக்கு ஒரு நாள் இரு கண்ணு. நாளைக்கு நீயே கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன்."

சசிரேகாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் கீழே வளைவில் லாரியின் உறுமல் கேட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு இரண்டு விளக்குகள் மேலே ஏறி வந்தன.

"வந்துட்டான் பாருங்க, மனசாட்சி இல்லாதவன்!"

டிரைவர் ஃபரீத் மேல் அவளுக்குத் தீராத ஆத்திரம். முதல் நாள் அவன் லாரிக் கண்ணாடியில் சாணியைக் கரைத்து ஊற்றியதே அவள்தான். அவன் வைப்பரைப் போட்டுத் துடைத்துக்கொண்டானே தவிர, வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கலையாது என்று தெரிந்ததும் திருப்பிக்கொண்டு போய்விட்டான். தினமும் அப்படித்தான். திட்டினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, கல் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

லாரி பெஞ்சுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றது. குப்பை நாற்றம் மழையையும் மீறி முகத்தில் அடித்தது.

இன்றைக்கு ஃபரீத் கதவைத் திறந்து இறங்கினான். சசிரேகா ராக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் பெஞ்சைத் தாண்டிப் போய் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். தேயிலைச் செடிகளுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு திரும்பி வந்தான்.

"ஏனுங்க, ரெண்டு பேர்தானா?"

"எல்லாரும் பின்னாடி வர்றாங்க" என்றாள் சசிரேகா அவசரமாக. "இப்ப வந்துருவாங்க."

"பொய் எதுக்கு சசி?" என்றாள் ராக்கம்மா. "யாரும் வரலைப்பா. எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேர்தான். உன்னால முடிஞ்சா எங்களைத் தூக்கி ஓரமா போட்டுட்டுப் போ. நானா எந்திரிக்க மாட்டேன். எந்திரிக்கவும் முடியாது, முட்டி புடிச்சுக்கிச்சு."

அவன் தலையிலிருந்து மழைத் தண்ணீர் வழிய அப்படியே நின்றான்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான். கம்பெனி மேனேஜர் போட்ட சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"ஃபரீத், எங்கய்யா இருக்கே?"

"மேல்கொரை வளைவுலங்க சார்."

"இன்னிக்கு லோடு இறங்கியே ஆகணும், தெரியுமில்ல? தினமும் திரும்பி வர்றதுக்கா உனக்குச் சம்பளம்? வேலையை விட்டே தூக்கிருவேன்."

"தெரியுமுங்க சார்."

"பத்து இருபது பேருன்னா சொல்லு. நம்ம ஆளுங்களை ஜீப்புல அனுப்பறேன், வந்து ஓரங்கட்டிருவாங்க. பெரிய கூட்டம்னா வம்பு, நாளைக்குக் கோர்ட்டுலயே பார்த்துக்கலாம்."

சசிரேகா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் உட்கார்ந்ததெல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

"சொல்லுய்யா, எத்தனை பேரு இருக்காங்க?"

ஃபரீத் பெஞ்சில் இருந்த இரண்டு பேரையும் பார்த்தான்.

"ரோடே தெரியலைங்க சார். நூறு பேருக்கு மேல இருப்பாங்க. வண்டியைத் திருப்பறேன்."