ஓசிப் படம்

ஆறுமுகநயினார் சிரித்து முடித்த பிறகுதான் கொட்டகைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மகள் பேச்சித்தாய் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

டெண்டுக் கொட்டகையின் துணிச்சுவருக்கு வெளியே, சிற்றாற்று மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது குடும்பம். படம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து தென்காசியில் பாதிச் சனத்துக்கு இந்த வெளிப்பக்கம்தான் சினிமா. கண்ணை மறைக்கத் துணி கட்டியவனால் காதுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் ஆட்டத்துக்கு மணி அடித்ததும் பாயும் பிள்ளைகளுமாக வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.

குற்றாலத்துச் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. மனைவி பாலம்மாள் கைப்பிள்ளையை முந்தானைக்குள் போர்த்திக்கொண்டு வறுகடலையைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளை ஒருநாளாவது உள்ளே கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதற்கென்று கடுகு டப்பாவில் போட்டு வைத்திருந்த காசு போன வெள்ளிக்கிழமை வேறு வழியில் போய்விட்டது. அதற்காக அவள் முகம் கோணவில்லை. ஓசியில் கேட்டுக்கொள்ளலாம் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு முதலில் கிளம்பியதும் அவள்தான்.

அந்தப் பாயைப் பார்த்ததிலிருந்தே நயினாருக்கு மனசு சரியில்லை. எதையாவது செய்து ஈடுகட்டிவிட வேண்டும் போலிருந்தது. உள்ளே கேட்ட சத்தத்தை வைத்து மகளுக்குப் படத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ராணி வருகிறாள், குதிரை மிரளுகிறது, வாள் சுழலுகிறது. பக்கத்துப் பாய்க்காரர்களும் நகர்ந்து வந்து காது கொடுத்தார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்கத் துணி கிழிக்கிற மனிதருக்கு இப்படி ஒரு கூட்டம் எங்கே கிடைக்கும்? கொஞ்சம் மிதப்பாகிவிட்டது.

"மந்திரிக்கு ஒரு பக்கத்து மீசை பிஞ்சி தொங்குது, பாத்துக்கோ!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவர் சிரித்து ஓய்ந்தார். அதற்கப்புறம்தான் கொட்டகையே அதிர்ந்தது.

"சத்தமே வரலியே. ஒங்களுக்கு எப்பிடிப்பா தெரிஞ்சிது?" என்றாள் பேச்சித்தாய்.

நயினாருக்கு உடம்பெல்லாம் கூசியது. வெள்ளிக்கிழமை இதே ஆட்டத்தில், உள்ளே பெஞ்சில், முறுக்கைக் கடித்துக்கொண்டு, படத்தின் இதே கட்டத்தில் இதே தொடையைத் தட்டித்தான் சிரித்தார். தன்னந்தனியாக.

கடலை பங்கு வைத்த கை ஒரு கணம் நின்றது. பிறகு பாலம்மாள் சொன்னாள்: "அப்பா ஊகிச்சிச் சொல்லுதாவ. பேசாம கேளுட்டி."

அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்தார். அந்த நினைப்பில் வந்த நிம்மதி அவருக்கே அசிங்கமாக இருந்தது. மீதிக் கதையைக் கேட்டு மகள் இரண்டு தரம் தோளைப் பிடித்து உலுக்கியும், தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

படம் விட்டதும் நாலு பேரும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

"நீங்க அங்கனயே நில்லுங்க" என்றாள் பாலம்மாள்.

பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, ஒரு குடம் தண்ணீரோடு திரும்பி வந்தாள்.

"என்னத்துக்கு? சாரல்ல நனைஞ்சிதான வந்திருக்கேன்."

"சாரல்ல நனைஞ்சா துட்டித் தீட்டு போவுமா?"

வெள்ளிக்கிழமையும் அவர் இங்கேதான் நின்றார். அச்சன்புதூரில் கடையில் கூட வேலை பார்க்கிற சேக்காளியின் தகப்பனார் தவறிவிட்டார், துட்டிக்குப் போக வேண்டும், கையில் காசில்லை என்று சொன்னபோது, கடுகு டப்பாவை அவளே கவிழ்த்துக் கொடுத்தாள். திரும்பி வந்தவரை வாசலில் நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். முகம் தெரியாத அந்தப் பெரியவருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் தலையைக் குனிந்து, ஊற்றிய தண்ணீரை வாங்கிக்கொண்டார்.

பாலம்மாள் இப்போதும் அதேபோல, அவசரப்படாமல், உச்சந்தலை நனைய ஊற்றினாள்.

உள்ளேயிருந்து பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். "யம்மா, யாரு செத்துப்போனா?"

"அப்பாட்ட கேளுட்டி. அவுகதான கதை சொல்லுதவுக."

நயினார் நிமிரவில்லை. குடத்தில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.