ரப்பர் புழுப் பரீட்சை

“தண்ணி கலங்கலா இருக்கு தம்பி. இந்த டப்பாவுல இருக்கிற ரப்பர் புழுவுல எந்தக் கலரைத் தூண்டில்ல மாட்டுவீங்க?” என்று கேட்டார் பெண்ணின் அப்பா. கேட்ட கையோடு, “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல” என்றும் சேர்த்துக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக் மனதுக்குள் சிரித்துக்கொண்டான். தெரியவில்லை என்று சொல்வதற்கா ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தான்? அதுவரை அவன் மீனைப் பார்த்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டில்தான். ஆனால் அவன் காதலிக்கும் பெண்ணின் அப்பா, பாஸ் என்கிற ஏரி மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் பைத்தியம் என்று ஊருக்கே தெரியும். அந்த வீட்டிலிருந்து, “பையனை ஏரிக்கு வரச் சொல்லு, பார்த்துட்டு முடிவு சொல்றோம்” என்று தகவல் வந்தால் எதற்கு என்று புரியாதா என்ன?

அவள் மட்டும், “நீ நீயா இரு, போதும்” என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். கல்யாணமா கல்தாவா என்பது இன்றைக்கு இந்தப் படகில் அல்லவா முடிவாகப் போகிறது!

“கலங்கலுக்குக் கறுப்புதான் சார்” என்றான். “மங்கின தண்ணியில மீன் கண்ணுக்கு அதுதான் பளிச்சுனு தெரியும். பச்சையெல்லாம் தெளிஞ்ச தண்ணிக்கு.”

பெரியவரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. மறுகணமே விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் படகின் பின்பக்கம் குடைக்கு அடியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பாவம், புருஷனின் தொல்லை தாங்காமல் கூட வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் மெக்கானிக்.

“அந்த ஓரத்துல ஒரே பாசி” என்றார் பெரியவர். “கொக்கி போய் மாட்டிக்கும். பேசாம விட்டுடலாம், வெயில் வேற ஏறுது.”

“மாட்டாது சார்! கொக்கி முனையைப் புழுவோட உடம்புக்குள்ளயே புதைச்சு வெச்சிட்டாப் போதும், பாசிக்கு நடுவுல வழுக்கிக்கிட்டுப் போயிடும்.”

சொன்னதோடு நிற்காமல், செய்தும் காட்டினான். வீட்டுத் தலையணையில் எத்தனை தடவை குத்திக் குத்திப் பழகிய வித்தை! அப்போது யாரோ அவன் பாதத்தை நறுக்கென்று மிதித்தார்கள். யாரோ என்ன, பெரியவர்தான். ஆள் பதறாமல் இருக்கிறானா என்று சோதிக்கிறாராக்கும்! மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு தூண்டிலை வீசினான்.

“சுத்துங்க, சுத்துங்க, வேகமா நூலைச் சுத்துங்க!” என்றார் பெரியவர்.

‘அடேங்கப்பா, தப்பாகச் சொல்லிக்கொடுத்து மாட்டவைக்கப் பார்க்கிறாரே!’

“அவசரப்படக் கூடாது சார். புழு அதுபாட்டுக்கு அடிக்குப் போய்ப் படுக்கணும். அப்புறம் லேசா ஒரு ஆட்டு ஆட்டிட்டு சும்மா இருக்கணும்.”

பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடியும் ஒரு மிதி. இந்த முறை கொஞ்சம் பலமாகவே.

டக் என்று நூலில் ஓர் அதிர்வு. மெக்கானிக் சுண்டி இழுத்தான். கோல் வில்லாக வளைந்தது.

“சின்னது ஏதோ மாட்டியிருக்கு, போனாப் போகுது, விட்டுடுங்க தம்பி...” என்று ஆரம்பித்தவர், மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறியதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். “டேய், நூலைத் தளர விடாதே! கோலைத் தாழ்த்துடா! அப்படித்தான்... ராஜா, அப்படித்தான்!” என்று கத்திவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

முழங்கை நீளத்துக்கு ஒரு பாஸ் மீன் படகுக்குள் விழுந்து துள்ளி, மூன்று பேர் மேலும் தண்ணீரை வாரி இறைத்தது.

“மாமா! பிடிச்சிட்டேன் மாமா!”

உறவுமுறை தானாக வந்துவிட்டது. பெரியவர் அவனைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர், வேறென்ன!

பின்பக்கத்திலிருந்து அந்த அம்மாள், நனைந்த குறுக்கெழுத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“பையன் தங்கமான பையன்தான். ஆனா இந்தச் சம்பந்தம் சரிப்படாது.”

“ஆன்ட்டி?”

“ஒரு வீட்டுக்கு ஒரு மீன் பைத்தியம் போதும்ப்பா. பிரசவ வலியில நான் துடிச்சப்பக்கூட ஏரியிலிருந்து ஈரத்தோட வந்து நின்ன மனுஷன் இவரு. என் பொண்ணும் அப்படி வாசலைப் பார்த்துக்கிட்டே கிடக்கணுமா? தூண்டில் பிடிக்கத் தெரிஞ்சவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு காலையிலயே இவர்கிட்ட தீர்மானமாச் சொல்லிட்டேன். கேள்வி கேட்டதுதான் இவரு, மார்க் போட்டது நான்.”

“அதுக்குத்தானேடா அந்த மிதி மிதிச்சேன்” என்று முனகினார் பெரியவர்.

மெக்கானிக் தூண்டிலைக் கீழே போட்டான். மீனைத் தாண்டி, மண்டியிடாத குறையாக அந்த அம்மாளிடம் ஓடினான். படகு ஆடியது.

“ஐயோ அத்தை! சத்தியமா எனக்கு மீனும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது! உங்க பொண்ணு மேல உசுரா இருக்கேன். இவரைக் கைக்குள்ள போட்டுக்கணும்னு ஒரே வாரத்துல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டது அத்தை இதெல்லாம்!”

அந்த அம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு, திடீரென்று தண்ணீரை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்ட புருஷனைப் பார்த்தாள்.

“தெரியும்ப்பா” என்றாள். “எங்கப்பாவைக் கைக்குள்ள போட்டுக்க, இவரும் ஒரே வாரத்துலதான் கத்துக்கிட்டாரு.”