முதல் முட்டை

மருதமுனையில் அஸர் தொழுகை நேரத்துப் பின்னேர வெயில் கோழிக்கூட்டின் கம்பிவலை வழியே சாய்ந்து விழுகிறது. நயீமா வைக்கோலுக்குள் கைவிட்டு, இந்தக் கோழிகள் இட்ட முதல் முட்டையை எடுக்கிறாள். இளஞ்சூடாக இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். பாசி படிந்ததுபோல் பச்சை. சுத்தச் சாதிக் கோழி நீல முட்டைதான் இடும், பச்சையில் இட்டால் அது கலப்பு என்று அவள் கணவர் இஸ்ஹாக் பலமுறை சொல்லியிருக்கிறார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்களைப் பறிப்பதற்குச் சற்று முன்னர் அவர் தேடித் தேடி வாங்கிய குஞ்சுகள் இவை. அடைக்கு வைக்க நீல முட்டை விற்றுத்தான் இனிப் பிழைப்பு என்று நம்பியிருக்கிறார். வாசலில் கதிரையில் அமர்ந்தபடி அவர் கேட்கிறார்: "என்ன நெறம் புள்ள?" கடல் இரைகிறது. "நீலந்தான்," என்கிறாள். "மாஷா அல்லாஹ்! அந்தக் கோழியப் புடிச்சி என்ட மடியில வை." மறுக்க வழியின்றி அவள் பிடித்து வைக்கிறாள். அவர் விரல்கள் கழுத்தை நீவி மேலேறித் தலையில் நிற்கின்றன. சுத்தச் சாதிக்குக் கொண்டை தலையோடு ஒட்டிக் கிடக்கும். இது மரம் அறுக்கும் வாளின் பற்களைப்போல நிமிர்ந்து நிற்கிறது. விரல் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடுகிறது. முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வற்றுகிறது. "நல்ல நீலமா?" என்று கேட்கிறார். "ஓம்." "அப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கோழியை நீவிக்கொண்டே இருக்கிறார். நயீமா முட்டையை முந்தானைக்குள் மறைக்கிறாள், பார்க்க முடியாதவரிடமிருந்து.