மாப்பிள்ளை விசாரணை

"அவங்கப்பன் சின்னான் மொடாக்குடியாமா. அந்த ரத்தம்தானுங்களே பையனுக்கும்? நம்ம சண்முகப்ரியாவை அந்த ஊட்டுல குடுத்துப்போட்டு நாம நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்றாள் சாந்தாமணி.

திருமலைசாமிக்கும் அதே பயம்தான். ஒரே பெண். மாப்பிள்ளை தமிழ்வேந்தன் அன்னூர்ப் பக்கம் ஒரு மில்லில் பிட்டர். பெண்ணுக்குப் பிடித்துப்போய்விட்டது. நாளைக் காலை பதில் சொல்லியாக வேண்டும்.

"குடிகாரனைப் பத்திப் பிராந்திக் கடையிலதான் விசாரிக்கோணும். நானே போறேன்."

"மூக்கைப் பொத்திட்டுப் போங்க. உங்களுக்கு அந்த வாசமே ஆகாது," என்றாள் சாந்தாமணி, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

கடைக்கு வழி கேட்கும் அவசியம் அவருக்கு இருக்கவில்லை. தினம் சாயங்காலம் பின்வாசல் வழியாக நுழைவார். திரை போட்ட மேஜை, சுவரைப் பார்த்த நாற்காலி. தான் யாரையும் பார்க்காததால் தன்னையும் யாரும் பார்க்கவில்லை என்பது அவர் நினைப்பு. இருட்டும் முன் வீடு, வாயில் கிராம்பு. குடும்பஸ்தன் குடிப்பது வேறு, குடிகாரன் குடிப்பது வேறு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

கடைக்கார மாசாணம் கேட்காமலே குவார்ட்டரும் கடலையும் கொண்டுவந்து வைத்தான்.

"ஏப்பா, சின்னான் பையன் தமிழ்வேந்தன் இங்க வருவானா?"

"டெய்லி வருமுங்க. ராத்திரி எட்டு மணிக்கு டாண்ணு வந்து நிக்கும்."

திருமலைசாமி டம்ளரை ஒரே மடக்கில் காலி செய்தார்.

"பாத்தியா, ரத்தம் எங்க போகும்? அப்பன் குடிக்கிறதைப் பாத்து வளந்தவன் எப்படி உருப்படுவான்? குடிகாரனுக்குப் பொண்ணைக் குடுக்க நானென்ன கிறுக்கனா? இன்னொண்ணு ஊத்து."

"அட இருங்ணா. தம்பி ஒரு சொட்டுத் தொடாதுங்க. அப்பனைக் கூட்டிட்டுப் போக வருது. இங்க எத்தனையோ பேரு டம்ளரை நீட்டிப் பாத்தாச்சு. 'நானும் குடிச்சுப்போட்டா எங்கப்பனை யாரு ஊடு சேக்கறது?'ங்கும். டிவிஎஸ் பிப்டியில பின்னால உக்கார வெச்சு, உழுந்துராம துண்டால தன் இடுப்போட சேத்துக் கட்டிட்டுத்தான் கிளம்பும்."

திருமலைசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி சந்தோஷம், பாதி சரக்கு.

"தங்கமான பையன். சம்பந்தம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்க."

"தம்பியும் நேத்து விசாரிச்சுதுங்க."

"யாரை?"

"உங்களைத்தானுங்க. 'பொண்ணோட அப்பா பழக்கவழக்கம் எப்படி?'ன்னு."

சட்டைப் பையில் கிராம்பைத் தேடிய கை அப்படியே நின்றது.

"நீ என்ன சொன்னே?"

"அந்தத் தம்பிகிட்டப் பொய் சொல்ல மனசு வரலீங்க. திரையைத் தூக்கி இந்த மேஜையைக் காட்டிப்போட்டேன்."

"போச்சு. குடிகாரன் ஊட்டுப் பொண்ணு வேண்டாம்னுட்டானா?"

"இல்லீங்க. 'மாமாவைத் தனியா உட்டுராதீங்ணா, கல்யாணம் முடிஞ்சதும் இன்னொரு துண்டு சேத்து எடுத்துட்டு வாரேன்'னுச்சுங்க."