புரொபசரம்மா படித்த பக்கம்

"ஏனுங்கம்மா, எம்பொண்ணை இதைப் படிக்கச் சொன்னது நீங்கதானுங்களா?"

வாசலில் நின்ற பொன்னுவேல், மஞ்சள் பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

பேராசிரியை கிருஷ்ணம்மாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏற்காடு மலைமேல் இருக்கும் செம்மநத்தம் பள்ளிக்கூடத்தில் கல்லூரிச் சேவை முகாம் போட்டு மூன்று நாளாகிறது. மாணவிகள் எல்லாரும் ரோட்டுக்கு மண் சுமக்கப் போயிருந்தார்கள். பொன்னுவேலின் மகள் மல்லிகாவும் அவர்களில் ஒருத்தி. இதே ஊர்ப் பெண், சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

'வாழ்க்கையில் உயரப் பத்துப் புத்தகங்கள்' என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் கொடுப்பார் கிருஷ்ணம்மாள். லைப்ரரியில் எல்லாம் ஒரே ஒரு காப்பிதான். அதனால் பிடித்ததை நோட்டில் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்வார். பட்டியலையே தொலைத்துவிட்டு நிற்கும் அறுபது பேரில், ஒருத்தியாவது எழுதியிருக்கிறாளே!

"நான்தாங்க சொன்னேன். உள்ளே வாங்க, உட்காருங்க."

"லீவுல ஊட்டுக்கு வந்தா இதே வேலைதானுங்க. சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். தானாச் சிரிக்கறா, தானா அழுவறா. என்ன கண்ணுன்னு கேட்டா, புரொபசரம்மா சொன்ன புத்தகத்தைப் பாத்து எழுதினதுங்கறா. முகாமுக்கு வர்ற அவசரத்துல ஊட்டுலயே வச்சுட்டு வந்துட்டாளுங்க."

"படிப்பிலே அப்படி ஓர் ஈடுபாடு!" கிருஷ்ணம்மாள் பூரித்துப் போனார்.

"அப்பிடி என்னதான் இருக்குதுன்னு ரெண்டு வரி படிச்சுச் சொல்லுங்கம்மா." பொன்னுவேல் நடுவில் ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தார்.

அட்மிஷன் பாரத்தில் அவர் வைத்த கைநாட்டு கிருஷ்ணம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. பாவம், மகள் படிக்கிறதைக் காதாலாவது கேட்கட்டும் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

'நேற்று நீ கிளாஸ் கட் அடித்துவிட்டு ஏற்காடு வந்ததும், ஏரிக்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டதும் கனவு மாதிரி இருக்கிறது, மல்லி...'

திக்கென்றது. மளமளவென்று முன்னும் பின்னும் புரட்டினார். முதல் மூன்று பக்கம் அவர் சொன்ன புத்தகம்தான். நாலாம் பக்கத்திலிருந்து அத்தனையும் காதல் கடிதம். எவனோ எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் தன் குண்டு குண்டுக் கையெழுத்தில் நகல் எடுத்து வைத்திருக்கிறாள். அதுவும் யார் பேரைச் சொல்லி!

முன் பெஞ்சு மல்லிகாவா? கிருஷ்ணம்மாளுக்கு அந்த மலைக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது.

"என்னங்கம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறீங்க?"

வந்த ஆத்திரத்துக்கு உள்ளதை அப்படியே போட்டு உடைத்துவிடலாம். உடைத்தால்? இப்போதே முகாமிலிருந்து தரதரவென்று இழுத்துக்கொண்டு போவார். படிப்புக்கு முழுக்கு. தை பிறந்தால் எவனுக்காவது கட்டி வைத்துவிடுவார்கள். போன வருஷம் இப்படித்தான் ஒரு கெட்டிக்காரப் பெண், பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது நின்று போனாள்.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இல்லாததை வாசித்துப் பழக்கமில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை ஓட்டியபடி ஆரம்பித்தார்.

"'படிக்கிற வயதில் மனசு தடுமாறும். தடுமாறாத மனசு யாருக்கும் கிடையாது. அதற்காகப் பெற்றவர்கள் பிள்ளையை அடிக்கக் கூடாது. படிப்பை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், அந்த ஒரு தடுமாற்றம்தான் அவள் வாழ்க்கையில் மிஞ்சும். பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும். அவள் பேசுவதையும் கேட்க வேண்டும்...'"

பொன்னுவேல் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல புத்தகமுங்க."

"ஆமாங்க, ரொம்ப நல்ல புத்தகம். நோட்டு என்கிட்டேயே இருக்கட்டும், பிழை திருத்திக் கொடுத்துடறேன்."

"இருக்கட்டுமுங்க." எழுந்து வாசல் வரை போனவர், திரும்பி வந்தார். "இப்பப் படிச்சீங்களே, அதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நொம்பப் புண்ணியமாப் போகுமுங்க."

"எதுக்குங்க? அதான் நோட்டிலேயே இருக்கே!"

"அதுல இல்லீங்கம்மா."

கிருஷ்ணம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு... படிக்கத் தெரியுமா?"

"அவ ஆஸ்டல்ல இருந்து போடற லெட்டரை ஊரான் படிச்சுச் சொல்லிக் கேக்கறதுக்கு மனசு ஒப்பலீங்க. எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டருகிட்ட உக்காந்து கத்துக்கிட்டனுங்க. அச்சு எழுத்துன்னா இன்னும் தடுக்குமுங்க. எம்புள்ள கையெழுத்து மட்டும் தடுக்காம வருமுங்க."

"நீங்க இதைப் படிச்சது மல்லிகாவுக்கு..."

"தெரியாதுங்க. தெரிஞ்சா எம்மூஞ்சியில முழிக்க மாட்டா. மூணு நாளா மென்னு முழுங்கிக்கிட்டு இருக்கறனுங்க."

கிருஷ்ணம்மாள் ஒரு தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"எழுதி, அவள் கையிலே நானே கொடுத்துப் பேசறேங்க."

"அவளுக்கில்லீங்கம்மா. அவளை அடிக்கக் கை ஓங்கறப்பெல்லாம் எடுத்துப் படிச்சுக்க, எனக்குங்க."