கடைசி வரிசைக்காரர்

“அந்த மனுஷனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புங்க தங்கச்சி. டீம் தானா உருப்படும்.”

தொலைபேசியில் கடைசி வரிசைக்காரர். வானொலியின் கால்பந்து நிகழ்ச்சிக்கு வாரம் தவறாமல் அழைப்பவர். பெயர் கேட்டால் சொல்ல மாட்டார். மைதானத்தில் கடைசி வரிசையில் உட்காரும் ஏழை ரசிகன் என்பார். எப்போதும் தொண்டை கட்டிய குரல். தொகுப்பாளினிக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. அவர் வாயைத் திறந்தால் போதும், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள், நிகழ்ச்சி களைகட்டிவிடும்.

அவர் திட்டித் தீர்த்த இரண்டு பயிற்சியாளர்களுக்கும் வேலை போயிற்று. இருவரையும் அனுப்பியபோது கிளப் தலைவர் ஒரே அறிக்கையைத்தான் வாசித்தார்: ரசிகர்களின் விருப்பத்துக்குத் தலைவணங்குகிறோம். நாற்காலி சூடாவதற்குள் ஆளை மாற்றினால் எந்த டீம்தான் ஜெயிக்கும் என்று அவளுக்கே தோன்றியதுண்டு. ஆனால் ஊரே கேட்கும்போது தலைவர்தான் பாவம், என்ன செய்வார்?

இன்று மூன்றாமவர் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். உன்மேல் எனக்கு முழு நம்பிக்கை, ரசிகர்களிடம் நீயே பேசிச் சமாதானம் செய் என்று தலைவர்தான் அனுப்பி வைத்திருந்தார். மகளை இப்போதுதான் இங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறேன், இந்த வேலையும் போனால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும் என்று ஒலிபரப்புக்கு முன் சொல்லியிருந்தார் மனிதர். கொடுத்த காபி தொடாமலே ஆறிப்போயிருந்தது.

சார் இங்கேதான் இருக்கிறார், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்றாள் தொகுப்பாளினி.

“இருக்கட்டும், நேராவே கேக்குறேன். ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம். தோத்தா புல்லு சரியில்லங்கிறார், காத்து சரியில்லங்கிறார். சரி, வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாவது கோல்கீப்பரை முன்னால கோல் அடிக்க விடப் போறாரே, இது ஆட்டமா, சர்க்கஸா?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோலைத் தடுக்கிறவனைக் கோல் அடிக்க அனுப்புவதா? கிளப்பின் கிறுக்குத்தனங்கள் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இது எல்லாவற்றுக்கும் மேலே. வதந்தியாக இருக்கும் என்று சிரித்துச் சமாளித்தாள்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. பேயறைந்தவர்போல் ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார்.

“நிஜமா சார்?”

“நிஜம்தாம்மா. முன்னால ஆடுற ரெண்டு பேருக்கும் கால்ல அடி. இந்தப் பையன் பனைமரம் மாதிரி நிக்கிறான். தலையால முட்டினா பந்து உள்ள போயிடும்னு ஒரு நம்பிக்கை.”

“பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டார்” என்றார் கடைசி வரிசைக்காரர். “ரசிகனுக்குத் தெரியாதது எதுவும் இல்ல தங்கச்சி.”

பயிற்சியாளர் மைக்கை அருகில் இழுத்தார்.

“இது அந்தப் பையனுக்கே இன்னும் தெரியாதுங்க. என் சம்சாரத்துக்கிட்டகூட சொல்லல. இன்னைக்குக் காலையில, கதவைச் சாத்திட்டு, ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்.”

தொகுப்பாளினி இணைப்பைத் துண்டிக்கக் கை நீட்டுவதற்குள் பயிற்சியாளரே தொடர்ந்தார்.

“என்னை அனுப்பணும்னா அப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே, தலைவரே.”