முதல் கைதட்டு

கட்சிக் கூட்டம் எதுவானாலும் முதல் கைதட்டு அருளப்பனுடையதுதான். தலைவர் குரலை உயர்த்தி நிறுத்தினால் போதும், கை தானாகத் தட்டிவிடும், மற்றவர்கள் தொடர்வார்கள். கால்பந்து மைதானத்தில் பூட்டிய கேட்டருகே நெரிசலில் நசுங்கி இறந்தவர்களுக்கான இரங்கல் கூட்டத்திலும் அவருக்கு முன்வரிசைதான். இறந்தவர்களில் அவர் மகன் டென்சிங்கும் ஒருவன்.

"கேட்டெல்லாம் திறந்துதான் கிடந்துச்சு. குடிச்சிட்டு வந்தவனுங்க ஒருத்தன்மேல ஒருத்தன் விழுந்து செத்தானுங்க!" தலைவர் முழங்கி நிறுத்தினார்.

அருளப்பனின் கைகள் தட்டிவிட்டன. பின்னாலேயே பந்தல் முழுக்கத் தட்டியது.

"நம்ம டென்சிங்கையா சொல்லுதாரு?" என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

சேர்ந்த அருளப்பனின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. எவ்வளவு இழுத்தும் பிரியவில்லை. மேடையிலிருந்து அதைப் பார்த்த தலைவர், வணக்கம் என்று நினைத்து, பதிலுக்குக் கைகூப்பினார்.